அடி அசைந்தால் நுனி ஆடும்: ரைஃபிளின் ஹேண்ட்கார்டு எப்படி விறைப்பாக நிற்கிறது?

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் லேத் பட்டறை. கேட் போட்டுவிட்டால் தெருவே நின்றுவிடும். அந்த நேரத்தில்தான் நானும் போனை எடுத்துப் பார்ப்பேன். போன மாதம் அப்படிப் பார்த்தபோது, டெக்சாஸில் இருக்கும் அக்கா மகன் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தான். அங்கே அவன் சனி, ஞாயிறுகளில் குறி பார்த்துச் சுடும் போட்டிகளுக்குப் போகிறான். ஏ.ஆர்.-15 ரைஃபிளுக்கு ஹேண்ட்கார்டு மாற்ற வேண்டுமாம்.

“மாமா, ஒண்ணு 6061 அலுமினியம், இன்னொண்ணு 7075. 7075 வெல ஜாஸ்தி, ஆனா வளையவே வளையாதுன்றாங்க. எத வாங்கட்டும்?”

என்.சி.சி.யில் .22 ரைஃபிளைப் பிடித்ததோடு சரி, அவன் சொல்லும் துப்பாக்கியை நான் தொட்டதில்லை. ஆனால் ஒரு முனையை இறுக்கிப் பிடித்த குழாய் எப்படி வளையும் என்பது முப்பது வருடமாக என் கைக்குத் தெரிந்த விஷயம்.

ஹேண்ட்கார்டு என்பது பேரலை, அதாவது குண்டு ஓடி வெளியேறும் குழாயைச் சுற்றி இருக்கும் உறை. சூடான பேரலில் கை படாமல் காக்கும், முன்கை பிடிக்க இடம் தரும். ஏ.ஆர்.-15இன் ராணுவ வடிவமான பழைய எம்-16இல் இது இரண்டு பிளாஸ்டிக் பாதிகள். பின்முனை ஒரு ஸ்பிரிங் வளையத்திலும், முன்முனை பேரலிலேயே மாட்டிய ஒரு மூடியிலும் உட்கார்ந்திருக்கும். அதனால் துப்பாக்கியைத் தோளில் மாட்டும் வாரை இழுத்துப் பிடித்தால் அந்த இழுப்பு பேரலுக்கும் போகும். குண்டு வெளியேறும் நேரத்தில் பேரல் அதிர்ந்துகொண்டிருக்கும். அதை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக இழுத்தால், குண்டும் வேறு வேறு இடத்தில்தான் போய் விழும். இதற்காக வந்ததுதான் ஃப்ரீ ஃப்ளோட் ஹேண்ட்கார்டு. பின்னால், பேரலைத் துப்பாக்கியின் உடலோடு இறுக்கும் பேரல் நட்டில் மட்டும் பிடிப்பு, அதற்கு முன்னால் பேரலை எங்கேயும் தொடாது.

பேரல் தப்பித்தது. ஆனால் கை, வார், முன்னால் ஊன்றும் இரண்டு கால் ஸ்டாண்டு எல்லாவற்றின் பாரமும் இப்போது ஒற்றை முனையில் பிடித்த அந்தக் குழாயின் மேல். எங்கள் பட்டறையில் இதற்கு அண்ணன் உறவு போரிங் பார், துளையின் உள்பக்கத்தைக் கடைய நீட்டிப் பிடிக்கும் கம்பி.

ஒருமுறை காசிமேட்டு போட் ஒன்றுக்கு கன்மெட்டல் புஷ் கடைய வந்தது. ஆழமான துளை. 20 மி.மீ. பாரை 140 மி.மீ. வெளியே நீட்டி ஓட்டினேன். கீச்சென்று சத்தம், உள்ளே விரலை விட்டால் அலை அலையாகக் கோடு. இன்னும் உசத்தியான ஸ்டீலில் பார் வாங்கலாம் என்றான் கூட இருந்த பையன். அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. மட்ட ஸ்டீலோ உசத்தி ஸ்டீலோ, அழுத்தினால் வளைந்து கொடுக்கும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். 32 மி.மீ. பாரை மாட்டினேன், சத்தம் அடங்கியது.

அக்கா மகனின் கேள்விக்கும் இதுதான் பதில். உலோகத்துக்கு இரண்டு தனித்தனிக் குணம் உண்டு. எவ்வளவு சுமை வரை நிரந்தரமாகக் கோணாமல் தாங்கும் என்பது பலம். சுமைக்கு எவ்வளவு வளைந்து கொடுக்கும், சுமையை எடுத்ததும் திரும்பும் என்பதைச் சொல்வது விறைப்பு. டி6 என்பது சூடுபடுத்திப் பலமேற்றிய நிலை. 6061-டி6இன் பலம் சுமார் 276 மெகாபாஸ்கல், 7075-டி6இன் பலம் சுமார் 503. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் விறைப்பில் ஒன்று 69 கிகாபாஸ்கல், மற்றது 72. கீழே போட்டால் நசுங்காமல் இருக்க 7075 உதவும். வாரை இழுக்கும்போது வளையாமல் இருக்க அந்தக் கூடுதல் காசு ஏறக்குறைய எதுவுமே செய்யாது.

விறைப்பை உருவம்தான் தருகிறது. நீளம் இரட்டிப்பானால் நுனி 8 மடங்கு தாழும். மெல்லிய குழாயின் விறைப்போ ஆரத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். 2 மி.மீ. சுவர் உள்ள 38 மி.மீ. குழாயை 42 ஆக்கினால் எடை 11 சதவீதம்தான் கூடும், விறைப்பு 37 சதவீதம் கூடிவிடும்.

கணக்கை நம்பினாலும் கண்ணால் பார்க்க ஆசை. 38 மி.மீ. அலுமினியக் குழாய் ஒன்றை எடுத்தேன். லேத்தின் பிடியான சக் இறுக்கினால் நசுங்கிவிடும் என்று உள்ளே மைல்ட் ஸ்டீல் பிளக் கடைந்து போட்டு, 330 மி.மீ. வெளியே நீட்டிக் கட்டினேன். நுனியில் பழைய இரும்புக் கடையிலிருந்து கடன் வாங்கிய 10 கிலோ எடைக்கல், அதன் பக்கத்தில் நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ். கணக்குப்படி நுனி 0.46 மி.மீ. தாழ வேண்டும். முள் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காட்டியது.

அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் சிலர் ஹேண்ட்கார்டின் நுனியில் லேசர் மாட்டுகிறார்கள். அதற்கு நுனி எவ்வளவு தாழ்ந்தது என்பதைவிட எவ்வளவு சாய்ந்தது என்பதுதான் முக்கியம். இதே குழாயின் நுனி சுமார் 0.002 ரேடியன் சாயும். அதாவது 100 மீட்டர் தள்ளி லேசர் புள்ளி 21 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். லேசரை அடிப்பக்கம் தள்ளி வைத்தால் சரியாகிவிடும் என்று நானும் முதலில் நினைத்தேன். போட்டுப் பார்த்தால், நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு போவதற்குள்ளேயே பாதிக்கு மேல் சாய்வு வந்துவிடுகிறது.

பிறகு பிளக்கோடு சேர்த்துக் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்து, சக்கில் விரல் அகலம்கூட இல்லாத பிடிப்பில் கட்டினேன். வெளியே நீட்டிய அளவு மாறாமலிருக்க நுனியை அறுத்துவிட்டேன். அதே எடை, அதே குழாய், முள் மட்டும் முன்பைவிட நன்றாகவே ஓடியது. அடியில் தலைமுடி அளவு அசைந்தாலும் நீளம் அதைப் பெருக்கிக் காட்டுகிறது. விலைப் பட்டியலில் உலோகத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். நான் முதலில் பார்க்கச் சொல்வது, அந்த ஹேண்ட்கார்டு பேரல் நட்டின் மேல் எத்தனை மி.மீ. நீளத்துக்கு உட்காருகிறது, எத்தனை போல்ட் அதை இறுக்குகிறது, சுழலாமல் தடுக்கும் பல் இருக்கிறதா என்பதைத்தான்.

எடையைக் குறைக்கப் போடும் துளைகளையும் கவனிக்க வேண்டும். மேலும் கீழும் உள்ள உலோகம்தான் செங்குத்தான வளைவைத் தாங்குகிறது, அங்கே நீளமான வெட்டு விழுந்தால் நஷ்டம் அதிகம். முறுக்கு இன்னொரு கதை. பழைய காலண்டர் தாளைச் சுருட்டி, ஓரத்தை ஒட்டாமல் இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள், விளிம்புகள் வழுக்கிக்கொண்டு சுழலும். ஓரத்தைப் பசை போட்டு ஒட்டிவிட்டு முறுக்குங்கள், கை வலிக்கும். துணைக் கருவிகளை மாட்டுவதற்கான எம்-லாக் அமைப்பைப் போல வரிசையாகத் துளை இருந்தாலும், துளைக்குத் துளை நடுவே உலோகம் சுற்றி மூடி நிற்கும்வரை குழாய் குழாயாகவே வேலை செய்யும்.

அக்கா மகனுக்கு ஒரு சோதனை சொல்லி அனுப்பினேன். மேகசினைக் கழற்று, சேம்பர் காலியா என்று இரண்டு தடவை பார். 10 மீட்டர் தள்ளிச் சுவரில் ஒரு புள்ளி வை. ரிசீவரின், அதாவது துப்பாக்கி உடலின் மேல் இருக்கும் ஸ்கோப்பையும் நுனியில் இருக்கும் லேசரையும் அதே புள்ளியில் நிறுத்து. ஸ்கோப்பின் குறி நகராமல் பார்த்துக்கொண்டே, வாரை இழுப்பதுபோல ஹேண்ட்கார்டை இழு.

மறுநாள் வீடியோ வந்தது. அவனிடம் ஏற்கெனவே இருந்த ஹேண்ட்கார்டில் சிவப்புப் புள்ளி சுவரில் இரண்டு விரல்கட்டை நகர்ந்து, கையை விட்டதும் திரும்பி வந்தது. “மாமா, 6061தான், ஆனா கொஞ்சம் பருமனா, அடில ரொம்ப தூரம் புடிக்கிற மாதிரி ஒண்ணு பாத்துருக்கேன். டிராயிங் அனுப்பறேன், பாத்து சொல்லுங்க” என்றான். கேட் திறந்து லாரிகள் நகர ஆரம்பித்திருந்தன. டிராயிங்கில் பேரல் நட்டின் நீளம் எங்கே போட்டிருக்கிறது என்று தேடினேன்.