நடவு வயல் டீயும் சிவப்பு மாத்திரையும்

"இரும்புச்சத்து மாத்திரை தினமும் போடுறேன், ரத்தம் மட்டும் ஏறவே இல்லை" என்று சொல்லும் கர்ப்பிணியிடம், எப்போது, எதோடு போடுகிறார் என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். குறுவையோ சம்பாவோ, நடவுக் காலத்தில் விடியுமுன் சமைத்து வைத்துவிட்டு, டீயோடு மாத்திரையை விழுங்கிவிட்டு வயலில் இறங்குகிறார்கள். பத்து மணிக்கு வரப்பில் மறுபடியும் டீ. டீயிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் பெரும்பகுதி குடலில் ஏறாமல் மலத்தோடு போய்விடுகிறது.

நர்சம்மா தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள். பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாம் பாதியைத்தான். வயல்வேலைக்குப் போகிறவர்களுக்கு இரவே தோது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போடலாம். டீ, காபி, பால் ஒரு மணி நேரமாவது தள்ளியிருக்கட்டும். கால்சியம் மாத்திரையும் இரும்பு ஏறுவதைத் தடுக்கும். அதைக் காலை, மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மலம் கறுப்பாகப் போனால் பயம் வேண்டாம், அது மிஞ்சிய இரும்பின் நிறம். குமட்டல் இரவில் போட்டால் குறையும். மாத்திரை போட்டால் குழந்தை கறுத்துவிடும், பெருத்துச் சுகப்பிரசவம் ஆகாது என்பதெல்லாம் உண்மையே இல்லை. பீட்ரூட்டை நம்பி மாத்திரையை நிறுத்துவதும் தவறு. அதில் இரும்பு சொற்பம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, ஈரல், நெத்திலி எல்லாம் நல்லவை, ஆனால் மாத்திரைக்குத் துணைதான்.

ரத்தம் ஏறாததற்கு இன்னொரு காரணம் கொக்கிப்புழு. மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடந்தால் தோல் வழியே ஏறி, குடலில் தங்கி ரத்தம் உறிஞ்சும். அதற்காகத்தான் முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை 400 மி.கி. ஒரே ஒரு வேளை தருகிறார்கள்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. 7 முதல் 10.9 வரை இருந்தால் தினம் இரண்டு மாத்திரை, மாதம் ஒருமுறை பரிசோதனை. ஒரு மாதத்தில் 1 கிராம்கூட ஏறவில்லையா? காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள், இரும்புச்சத்து டிரிப் தேவைப்படலாம். 7-க்குக் கீழே போனால் பெரிய ஆஸ்பத்திரிதான். தஞ்சாவூர்ப் பக்கத்தவர்களுக்கு ராசா மிராசுதார் மருத்துவமனை இருக்கிறது. சாதாரணப் பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம். அதைத் தாங்குமளவு உடம்பில் ரத்தம் இருக்க வேண்டும்.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும்போதுதான் தொடர்ச்சி அறுபடுகிறது. தாய்சேய் நல அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த அரசு எண்), மீதி மாத்திரை மூன்றும் கையோடு போகட்டும். போய்ச் சேர்ந்த வாரமே அங்குள்ள நர்சம்மாவிடம் அட்டையைக் காட்டுங்கள். பழைய எண்ணே அங்கும் செல்லும், புதிதாகப் பதியக் கூடாது.

மாத்திரை அட்டையை மூத்த பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துச் சில மாத்திரை தின்றாலும் சிறு பிள்ளைக்கு இரும்பு விஷம். வாந்தி வரும் வரை பார்த்துக்கொண்டிராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.