உடைந்த வென்வைப் பழுது பார்க்காதீர்கள்

ஒரு பைத்தான் ப்ராஜெக்டுக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தனியாக வைத்துக்கொள்ளும் ஃபோல்டர்தான் வென்வ் (venv). உபுண்டு லினக்ஸை 22.04-இலிருந்து 24.04-க்கு உயர்த்திய மறுநாள், அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஜாங்கோ (இணையதளம் கட்டும் பைத்தான் லைப்ரரி) ப்ராஜெக்ட் 'ஜாங்கோ என்றொரு மாட்யூல் இல்லை' என்று நின்றுவிடும். மேக்கில் மென்பொருள்களை நிறுவும் ஹோம்ப்ரூ பழைய பைத்தானை நீக்கியிருந்தால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று வரும். ப்ராஜெக்ட் ஃபோல்டரின் பெயரை மாற்றினால், லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப் 'பேட் இன்டர்ப்ரெட்டர்' என்று சொல்லும். எங்கள் அணியில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் கொண்டுவரும் பைத்தான் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றுதான். மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றே: வென்வைப் புதிதாக உருவாக்குவது. ஆனால் பழையதை அழிப்பதற்கு முன்னால் சில வேலைகள் இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் அழித்துவிட்டுத் தவிப்பவர்களை அடிக்கடி பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அது ஏன் உடைகிறது என்று தெரிய வேண்டும். வென்வுக்குள் முழுப் பைத்தான் கிடையாது. லினக்ஸிலும் மேக்கிலும் அதற்குள் இருக்கும் பைத்தான், கணினியில் உள்ள பைத்தானைச் சுட்டும் ஓர் இணைப்பு மட்டுமே. உபுண்டு 22.04-இல் இருப்பது பைத்தான் 3.10, 24.04-இல் இருப்பது 3.12. கணினியை உயர்த்தியதும் அதே இணைப்பு 3.12-ஐக் காட்டத் தொடங்கும். நீங்கள் நிறுவிய லைப்ரரிகளோ 3.10 என்று பெயரிட்ட ஃபோல்டருக்குள் கிடக்கும். புதிய பைத்தான் அந்தப் பக்கமே போகாது. ஃபோல்டர் பெயரை மாற்றும்போது உடைவது வேறு காரணத்தால்: பிப் போன்ற ஸ்கிரிப்ட்களின் முதல் வரியிலும், வென்வைச் செயல்படுத்தும் ஆக்டிவேட் கோப்பிலும் வென்வ் ஃபோல்டரின் முழு முகவரி (பாத்) எழுதப்பட்டிருக்கிறது. இது கோளாறும் இல்லை. வென்வை இடம் மாற்றக்கூடாது, வேண்டும்போது அழித்துத் திரும்ப உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்று பைத்தானின் அதிகாரப்பூர்வ ஆவணமே சொல்கிறது.

இங்கேதான் பலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். நான் பார்த்ததில் மிக மோசமானது, 3.10 ஃபோல்டரில் இருக்கும் லைப்ரரிகளை அப்படியே 3.12 ஃபோல்டருக்குள் காப்பி செய்வது. வெறும் பைத்தானில் எழுதிய லைப்ரரிகள் ஓடிவிடும், அதனால் சரியாகிவிட்டது என்று தோன்றும். கணக்கீட்டுக்கான நம்பை (NumPy), படங்களைக் கையாளும் பில்லோ போன்றவற்றில் சி மொழியிலிருந்து கம்பைல் செய்த பகுதிகள் உண்டு. அந்தக் கோப்புகள் 3.10-க்கென்றே உருவாக்கப்பட்டவை, பெயரிலேயே 310 என்று இருக்கும். 3.12 அவற்றைத் தொடாது. ஆகவே பாதி ஓடும், பாதி ஓடாது. ஓடாத பாதி எப்போதோ ஒரு பயனர் படம் ஏற்றும்போது வெளிப்படும். முழுதாக உடைந்த வென்வைவிட இது ஆபத்தானது.

அடுத்தது, அவசரத்தில் சூடோ (நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை) போட்டு பிப்பை ஓட்டுவது. அது பெரும்பாலும் வென்வுக்குள் போகாது, கணினியின் பைத்தானில் போய் உட்காரும். உபுண்டுவின் பல உள் கருவிகள் அந்தப் பைத்தானை நம்பித்தான் இயங்குகின்றன. டெபியன் 12, உபுண்டு 23.04 வெளியீடுகளிலிருந்து பிப் இதைத் தடுக்கிறது. தடையை மீறும் ஆப்ஷனின் பெயரிலேயே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று எச்சரிக்கை இருக்கிறது. அப்படியும் அதைப் போடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள்.

சரி, இப்போது செய்யவேண்டியதற்கு வருவோம். பழைய வென்வை அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். ஏற்கெனவே உடைந்ததுதான், பெயர் மாற்றுவதால் புதிதாக ஒன்றும் கெடாது. அதற்குள் பைவென்வ் என்ற பெயரில் ஒரு சிறிய சிஎஃப்ஜி கோப்பு இருக்கும். திறந்து பார்த்தால் எந்தப் பைத்தான் பதிப்பில் உருவாக்கியது என்று தெரியும்.

தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பு ஒழுங்காக இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டாலும் பதற வேண்டாம். வென்வின் பைத்தான் செத்திருந்தாலும் லைப்ரரிகள் கோப்புகளாக அங்கேயேதான் இருக்கின்றன. வேறொரு பைத்தானின் பிப்பைக் கொண்டு, பாத் ஆப்ஷனில் லைப்ரரிகள் கிடக்கும் பழைய சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டரைக் காட்டி பிப் ஃப்ரீஸ் ஓட்டினால் முழுப் பட்டியலும் பதிப்பு எண்களோடு வந்துவிடும். அந்த ஆப்ஷன் பலருக்குத் தெரியாது. அதுவும் முடியாவிட்டால், டிஸ்ட்-இன்ஃபோ என்று முடியும் ஃபோல்டர்களின் பெயர்களைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் லைப்ரரியின் பெயரும் பதிப்பும் இருக்கும். பட்டியலில் உங்கள் கணினியின் ஃபோல்டர் முகவரியோடு வரும் வரிகளைத் திருத்திவிடுங்கள், அவை அடுத்தவர் கணினியில் ஓடாது.

அப்புறம், வென்வுக்குள் இருக்கக்கூடாத பொருள்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். கடவுச்சொற்கள் உள்ள என்வ் கோப்பு, எஸ்க்யூலைட் தரவுத்தளம் போன்றவற்றை அதற்குள் வைத்திருப்பவர்கள் உண்டு. ஆக்டிவேட் கோப்பின் கடைசியில் யாராவது சூழல் மாறிகளை அமைக்கும் எக்ஸ்போர்ட் வரிகளைச் சேர்த்திருப்பார்கள். எல்லாவற்றையும்விட வில்லங்கம், அவசரத்துக்கு ஒரு லைப்ரரியின் நிரலையே உள்ளே போய்த் திருத்தி வைத்திருப்பது. புதிதாக நிறுவினால் அந்தத் திருத்தம் போய்விடும், பழைய பிழை திரும்ப வரும். புதியதையும் பழையதையும் டிஃப் போட்டு ஒப்பிட்டால் தெரிந்துவிடும், ஒப்பிடும் இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும்.

புதிய வென்வுக்குச் சர்வரில் ஓடும் அதே பைத்தான் பதிப்பை எடுங்கள். புதியதுதான் நல்லது என்று தாவினால் இரண்டு சண்டைகளை ஒரே நேரத்தில் போடவேண்டிவரும். உதாரணமாக, லைப்ரரிகளைக் கட்டி நிறுவ உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் 3.12-இல் நீக்கப்பட்டுவிட்டது, வென்வோடு தானாக வந்த செட்டப்டூல்ஸும் இப்போது வருவதில்லை. பழைய லைப்ரரிகள் பல இதில் தடுக்கி விழும். தேவையான பதிப்பு கணினியில் இல்லையென்றால் பைஎன்வ் (pyenv) அல்லது யூவி (uv) என்ற கருவி கொண்டு தனியாக இறக்கிக்கொள்ளலாம். உபுண்டுவில் வென்வ் வசதியையே, அதன் மென்பொருள் நிறுவியான ஆப்ட் மூலம் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தள இணைப்புக்கான சைகோபிஜி2 கம்பைல் ஆகாமல் நின்றால், பெரும்பாலும் அதற்கு வேண்டிய லிப்பிக்யூ (libpq) என்ற சி லைப்ரரியின் டெவ் பேக்கேஜ் இல்லை என்று அர்த்தம்.

பதிப்பு எண் இல்லாத பட்டியலிலிருந்து மட்டும் கட்டாதீர்கள். 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது, 1.x-க்காகக் கம்பைல் செய்த லைப்ரரிகள் அதோடு ஒத்துப்போகவில்லை. நம்பை என்று பெயரை மட்டும் எழுதி வைத்திருந்தவர்கள் அன்று புதிதாக உருவாக்கிய வென்வ், முந்தைய நாளின் வென்வ் அல்ல. நீங்கள் நேரடியாகப் பயன்படுத்தும் லைப்ரரிகளை ஒரு கோப்பில் எழுதிவிட்டு, பிப்-டூல்ஸ், பொயட்ரி, யூவி இவற்றில் ஏதாவது ஒன்றை வைத்து, சார்ந்தவை எல்லாவற்றையும் பூட்டிய இன்னொரு கோப்பை உருவாக்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் கிட்டில் (git) ஏற்றுங்கள். வென்வை ஏற்றாதீர்கள்.

எல்லாம் நிறுவியாகிவிட்டதா? டெஸ்ட்களை ஓட்டுங்கள். விஎஸ் கோடில் இன்டர்ப்ரெட்டரைத் திரும்பத் தேர்ந்தெடுங்கள். ஜுபிட்டர் நோட்புக்கில் கோடை ஓட்டும் கெர்னல் இன்னும் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கலாம், அதைத் திரும்பப் பதிவு செய்யுங்கள். வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான், சிஸ்டம்டி கோப்புகளில் உள்ள முகவரிகளையும் பாருங்கள். மாதம் ஒருமுறை ஓடும் கிரான் வேலையை அப்போதே கையால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டால், அதன் பிறகு பழைய வென்வை அழிக்கலாம்.