மொட்டை மாடியில் ஒரு வானொலி நிலையம்

கிழக்கு லண்டனில் டவர் ஹாம்லெட்ஸ் என்றொரு பகுதி. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சிதைந்த தெருக்களையும் நெருக்கடியான பழைய வீடுகளையும் அகற்றிவிட்டு, அங்கே வரிசையாக அடுக்குமாடிகள் கட்டினார்கள். உழைக்கும் குடும்பங்கள் குறைந்த வாடகையில் குடியிருப்பதற்காக எழுந்த கான்கிரீட் கோபுரங்கள் அவை. சில இருபது மாடியைத் தாண்டும். முப்பது நாற்பது வருடம் கழித்து, அந்தக் கோபுரங்களின் மொட்டை மாடிகள்தான் லண்டன் இளைஞர்களின் இசைக்கு வாசலாக அமைந்தன. 1994-இல் ஸ்லிம்ஸீ, ஜீனியஸ் என்ற டிஜே பெயர்களால் அறியப்பட்ட இரண்டு பையன்களும் அவர்களுடைய நண்பர்களும் ரின்ஸ் எஃப்.எம். என்ற நிலையத்தைத் தொடங்கினார்கள். உரிமம் கிடையாது. இருந்தது ஒரு சிறிய டிரான்ஸ்மிட்டர், ஒரு ஆன்டெனா, அப்புறம் ஏறி நிற்க ஒரு மாடி.

ஏன் மாடி? எஃப்.எம். ஒலிபரப்பு 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை நடக்கிறது. இந்த அலைகளின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அலையில் பாதி நீளம், அதாவது ஒன்றரை மீட்டர் கம்பி இருந்தாலே நல்ல ஆன்டெனா ஆகிவிடும். ஒரு ஆள் தோளில் தூக்கிக்கொண்டு படியேறலாம். பழைய ஏ.எம். ரேடியோ இயங்கும் மத்திய அலையில் இது நடக்காது. அங்கே அலைநீளமே நூற்றுக்கணக்கான மீட்டர். அதற்கு மரத்துக்கு மரம் நீளமாகக் கம்பி இழுத்துக் கட்ட வேண்டும், அல்லது பெரிய கோபுரம் எழுப்ப வேண்டும்.

ஆனால் எஃப்.எம். அலைக்கு ஒரு குறை உண்டு. மத்திய அலை தரையை ஒட்டி வளைந்து வெகுதூரம் போகும், எஃப்.எம். அலை கிட்டத்தட்ட வெளிச்சம் மாதிரி நேர்கோட்டில்தான் போகும். பூமி உருண்டை என்பதால் ஒரு தூரத்துக்கு மேல் அடிவானம் மறைத்துவிடும். கலங்கரை விளக்கத்தை உயரமாகக் கட்டுவதற்கும் இதே காரணம்தான். காற்று மண்டலம் அலையைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைப்பதையும் சேர்த்தால் கணக்கு இப்படி வரும்: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று தெரியும். 4 மீட்டர் உயரக் கூரையிலிருந்து 8 கிலோமீட்டர். 64 மீட்டர் கோபுரத்திலிருந்து 33 கிலோமீட்டர். லண்டனின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும்.

இதற்குப் பெரிய மின்திறனும் வேண்டியதில்லை. பிபிசி லண்டனுக்காக கென்ட்டில் உள்ள ரூட்டம் (Wrotham) நிலையத்திலிருந்து அனுப்பும் அலை 250 கிலோவாட் அளவுக்குச் சமமானது. மொட்டை மாடி டிரான்ஸ்மிட்டர் பெட்டிகளோ ஐம்பது, நூறு வாட். பழைய குண்டு பல்பு ஒன்று எரியத் தேவைப்படும் அளவு! தடையில்லாத பார்வை மட்டும் இருந்தால், சமையலறையில் இருக்கும் ரேடியோவுக்கு அதுவே போதும்.

இப்படிப்பட்ட நிலையங்களைப் பைரேட், அதாவது கடற்கொள்ளை வானொலி என்று அழைப்பதற்குக் கப்பல்கள்தான் காரணம். 1964-இல் ரேடியோ கரோலைன் பிரிட்டிஷ் சட்டம் எட்டாத கடற்பரப்பில் கப்பலை நிறுத்திக்கொண்டு பாப் இசை ஒலிபரப்பியது. 1967 ஆகஸ்டில் வந்த சட்டம் அந்தக் கப்பல்களுக்கு விளம்பரமும் சரக்கும் போகவிடாமல் தடுத்தது. அடுத்த மாதமே பிபிசி தன் பாப் அலைவரிசையான ரேடியோ 1-ஐத் தொடங்கியது. கடலில் நடந்தது பிறகு நகரத்துக்குள் வந்தது. 1970-இல் ரேடியோ இன்விக்டா சோல் இசைக்காகக் கிளம்பியது. 1980களின் தொடக்கத்தில் லெப்கி என்பவர் மேற்கு லண்டனில் ட்ரெட் பிராட்காஸ்டிங் கார்ப்பரேஷன் என்று பெயர் சூட்டி ரெக்கே ஒலிபரப்பினார். பிபிசியின் முழுப் பெயரில் ஒரே ஒரு சொல்லை மாற்றிய பெயர் அது. கரீபியனிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் இசைக்கு உரிமம் பெற்ற நிலையங்களில் வாரத்துக்குச் சில மணி நேரம் கிடைத்தாலே அதிகம் என்றிருந்த காலம். 1985-இல் தொடங்கிய கிஸ் எஃப்.எம். தானாகவே ஒலிபரப்பை நிறுத்திவிட்டு உரிமம் கேட்டு, 1990 செப்டம்பரில் சட்டப்படியே வானேறியது.

சரி, ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் மோதினால் என்ன ஆகும்? மத்திய அலையில் இரண்டும் கலந்து கேட்கும். எஃப்.எம்.மில் அப்படி இல்லை. பலமான அலை மற்றதை அப்படியே விழுங்கிவிடும். எஃப்.எம்.மில் ஒலி இருப்பது அலையின் உயரத்தில் இல்லை, அது எவ்வளவு வேகமாக அதிர்கிறது என்பதில். ரேடியோ முதலில் அலையின் உயர ஏற்ற இறக்கங்களை வெட்டிச் சமமாக்கிவிட்டு, அது மேலும் கீழும் ஆடும்போது நடுக்கோட்டை, அதாவது சுழியைக் கடக்கும் நேரங்களை மட்டும் எண்ணுகிறது. இரண்டு அலைகள் கூடும்போது அந்த நேரங்களை முடிவு செய்வது பெரிய அலைதான். சின்னது லேசாக ஆட்டிப் பார்க்கும், அவ்வளவே. அதனால் தூரத்தில் பெரிய நிலையம் ஒன்று இருந்தாலும், பக்கத்துக் கோபுரத்தின் சின்னப் பெட்டி தன் பேட்டைக்குள் தெளிவாகக் கேட்கும்.

ஆனால் மாடியில் நிற்கும் ஆன்டெனா ஊருக்கே தெரியும். அதிகாரிகளிடம் வண்டியில் பொருத்திய திசைகாட்டும் ஆன்டெனாக்கள் உண்டு. ஓரிடத்திலிருந்து அலை வரும் திசையைக் கோடு போட்டு, வேறோர் இடத்துக்குப் போய் இன்னொரு கோடு போட்டால், இரண்டும் வெட்டும் இடத்தில் டிரான்ஸ்மிட்டர். சொல்லும்போது சுலபம். 5 கிலோமீட்டர் தள்ளி நின்று 2 டிகிரி பிசகினால் 175 மீட்டர் விலகிவிடும். அதற்குள் பல கோபுரங்கள் அடங்கலாம். கான்கிரீட்டில் பட்டுத் திரும்பும் அலைகள் வேறு குழப்பும். கடைசியில் கையில் கருவியோடு நடந்தே தேடி, படியேறித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். 1984-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் கருவிகளைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை இன்னும் வலுவாக்கியது.

இதற்கு நிலையக்காரர்கள் கண்ட வழி, என் கணக்கில் இந்தக் கதையிலேயே மிக அழகான பொறியியல். டிரான்ஸ்மிட்டரையும் ஸ்டுடியோவையும் பிரித்தார்கள். டிஜே ஒரு வீட்டின் சமையலறையில் இசைத்தட்டு சுழற்றுவார். டிரான்ஸ்மிட்டர் வேறொரு கட்டடத்தின் மாடியில் தனியாக நிற்கும். இரண்டையும் இணைப்பது ஒரு மெல்லிய கற்றை. சிலர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்தினார்கள், சிலர் மைக்ரோவேவை. 10 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவின் அலைநீளம் வெறும் 3 சென்டிமீட்டர். அலை எவ்வளவு சிறியதோ, அதே அளவு ஆன்டெனாத் தட்டால் அவ்வளவு குறுகலாக அதைக் குவிக்கலாம். 60 சென்டிமீட்டர் தட்டிலிருந்து கிளம்பும் கற்றையின் விரிவு சுமார் மூன்றரை டிகிரிதான். ஒரு கிலோமீட்டர் போன பிறகும் அகலம் 60 மீட்டர் அளவில் நிற்கும், அதுவும் தெருவுக்கு வெகு உயரத்தில். கீழே நிற்கும் வண்டிக்கு அது தட்டுப்படுவது அரிது. மாடியில் இருந்த பெட்டி பறிபோகலாம். மனிதர்களும் இசைத்தட்டுகளும் தப்பிவிடுவார்கள். சில நூறு பவுண்டு செலவில் இன்னொரு பெட்டி மாட்டினால் மறுபடி ஒலிபரப்பு.

அதிகாரிகள் காரணமில்லாமல் விரட்டினார்கள் என்று சொல்லிவிட முடியாது. எஃப்.எம். முடியும் 108 மெகாஹெர்ட்ஸிலிருந்தே விமானங்களுக்கான அலைவரிசைகள் தொடங்குகின்றன. ஒரே மாடியில் 100-லும் 105-லும் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் அருகருகே நின்றால், ஒன்றின் அலை மற்றதன் பெருக்கிக்குள், அதாவது அலையை வலுவாக்கும் பகுதிக்குள் புகுந்து புதிய அலைகளைப் பிறப்பிக்கும். 105-இன் இரு மடங்கிலிருந்து 100-ஐக் கழித்துப் பாருங்கள்: 110. ஓடுபாதையில் இறங்கும் விமானத்துக்கு வழிகாட்டும் கருவி இயங்குவது அந்த இடத்தில்தான். இப்படிப்பட்ட வேண்டாத அலைகளைத் தடுக்கும் நல்ல வடிகட்டி இல்லாத பெட்டி உண்மையாகவே ஆபத்து. இதை அந்த இசையை நேசிப்பவர்களும் மறைக்கக் கூடாது.

கேட்பவர்கள் எத்தனை பேர் என்று அறிய அந்த நிலையங்களிடம் கணக்கெடுப்பு ஏதும் இல்லை. இருந்தது மிஸ்டு கால். பாட்டு பிடித்துப்போய் மறுபடி போடச் சொல்ல வேண்டுமானால் ஸ்டுடியோ செல்பேசிக்கு ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவார்கள். மைக் பிடித்தவர் அந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைச் சொல்லி வாழ்த்துவார். காசு செலவில்லாமல் ஒரு ஊரே பதில் பேசியது. ஜங்கிள் என்ற வேகமான நடன இசையில் தொடங்கிய ரின்ஸ், கராஜ் என்ற இன்னொரு நடன இசை வழியாக கிரைம் (grime) என்ற புதிய இசைக்குத் தொட்டிலானது. நிமிடத்துக்கு 140 தாளம். அதன் மேல் பையன்கள் மாறி மாறி வரிகளை வீசுவார்கள். பைரேட் நிலையங்களில் அப்படிப் பழகிய டிஸி ராஸ்கல் 2003-இல் பிரிட்டனின் மெர்க்குரி இசை விருதை வென்றார்.

2005-இல் நீதிமன்றம் ஸ்லிம்ஸீக்கு ஒரு தடை உத்தரவு போட்டது: டவர் ஹாம்லெட்ஸில் உயர்ந்த கட்டடங்களின் கூரைகளில் அவர் ஏறக்கூடாது. இசையையோ மைக்கையோ அந்தத் தடை குறிவைக்கவில்லை; உயரத்தைக் குறிவைத்தது. ரின்ஸ் அதற்குப் பிறகும் ஓயவில்லை. பல வருடம் விண்ணப்பித்துப் போராடி 2010-இல் சமூக வானொலி உரிமம் பெற்றது. அதுவரை 100.3-இல் ஒளிந்து ஒலித்த நிலையம், 2011-இல் 106.8-இல் வெளிப்படையாக ஒலிக்கத் தொடங்கியது. அலைநீளக் கணக்குப்படி, இந்த மாற்றத்துக்கு ஆன்டெனாக் கம்பியில் 9 சென்டிமீட்டர் குறைத்தால் போதும்.