உப்புப் பூத்த மடம்

பங்குனியில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து ஒரு வண்ணக்கர், அதாவது கோவில் நிர்வாகம் பார்க்கிறவர், போன் எடுத்தார். "தம்பி, மடத்துச் சுவர் திரும்பவும் உப்புப் பூக்குது. மூணு வருசத்துக்கு முந்தித்தான் நல்ல சீமெந்தாப் போட்டுப் பூசினது. ஆடிக்கு முன்னம் ஏதும் செய்யலாமா?"

போய்ப் பார்த்தேன். கோவில் வீதி திரும்புகிற இடத்தில், யாத்திரைக்காரர் தங்கிப் போகிற ஒரு சின்ன மடம். நடுவில் ஒரு அறை, மூன்று பக்கமும் திண்ணை. பூச்சு இடுப்பளவு உயரம் வரைக்கும் கழன்று நின்றது. தட்டினால் வெறும் பானை மாதிரிச் சத்தம். ஒரு பாளத்தை மெல்ல நெம்பி எடுத்தேன். அதன் முதுகில் செங்கல்லின் முகமும் ஒட்டிக்கொண்டு வந்தது. இருபது வருடமாகப் பழைய கட்டடங்களோடுதான் என் பிழைப்பு. என்றாலும் அப்படி ஒரு பாளத்தைக் கையில் எடுக்கும்போது இன்னும் வயிறு கலங்கத்தான் செய்கிறது.

நடந்தது இதுதான். அந்தச் சுவருக்கு இக்கால வீடுகள் மாதிரி ஈரத்தடுப்புப் படை கிடையாது. வாவிக்கரை உவர் நிலத்து ஈரம் அத்திவாரம் வழியே மேலே ஏறும். பழைய சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். வாடையில் நனைந்த சுவர் கச்சான் காற்றில் காய்ந்துவிடும். சீமெந்து பூசியதும் அந்த வழி அடைபட்டது. உள்ளே சிக்கிய ஈரம் இன்னும் மேலே ஏறியது. அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காக இறுகி, செங்கல்லை உள்ளிருந்தே உடைத்தது. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தால் பூச்சு மட்டும்தான் போகும், திரும்பப் பூசிக்கொள்ளலாம். சீமெந்து கழன்றால் சுவரையும் சேர்த்துக்கொண்டு போகும்.

வண்ணக்கரைக் குறை சொல்ல மாட்டேன். "பலமான சாமான்" என்றுதானே கடையிலும் சொல்கிறார்கள், மேசன்மாரும் சொல்கிறார்கள்.

நம் பக்கத்து மடங்களைக் கதிர்காமப் பாதயாத்திரையை விட்டுவிட்டு விளங்கிக்கொள்ள முடியாது. யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்படுகிறவர்கள் வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில் என்று நடந்து, உகந்தையில் காட்டுக்குள் இறங்கி, குமணை வழியே ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமம் சேர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். நடக்கிறவருக்கு நிழலும், தண்ணீரும், ஒரு வேளைச் சோறும், தலை சாய்க்க இடமும் வேண்டும். வந்தவர் யார், எந்த ஊர் என்று கேட்காமல் அதைக் கொடுக்கத்தான் மடம். வடக்கில் மடத்தோடு கேணி, சுமைதாங்கி, மாடு உடம்பை உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல் என்று மாட்டுக்கும் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள். பருத்தித்துறையில் தெருமூடி மடம் இருக்கிறது. தெரு அதன் ஊடாகவே போகும். இரண்டு பக்கமும் திண்ணை, கல் தூண்கள், தலைக்கு மேலே கூரை. தொல்பொருட் சின்னமாகப் பாதுகாக்கப்பட்டது. அந்தப் பக்கம் போனால் பத்து நிமிடம் அந்தத் திண்ணையில் குந்திப் பாருங்கள்.

எங்கள் மடத்துக்குக் கல் தூண் இல்லை, சிற்பம் இல்லை. அதனால்தான் அது பழசு என்றே யாருக்கும் படவில்லை. ஆனால் கட்டியவர் விஷயம் தெரிந்தவர். திண்ணையின் சுவரோரம், ஆள் படுத்தால் தலை வருகிற இடத்தில், சாந்தாலேயே நாலு விரல் உயரத்துக்குத் தலையணை மாதிரி ஒரு மேடு வைத்திருக்கிறார். வரிசையாக ஏழு. அங்கிருந்து வெளிவிளிம்பு வரை மெல்லிய சரிவு, மழைத் தண்ணீர் தேங்காது. இறவாணம், அதாவது கூரையின் வெளிவிளிம்பு, குனிந்து போகிற அளவுக்குத் தாழ்வு. சாரல் திண்ணைக்கு ஏறாது. 1978 நவம்பர் 23ஆம் தேதிச் சூறாவளியில் ஓடெல்லாம் பறந்துபோக, அதன் பிறகு தகரம் ஏறியது. தகரத்துக்கு இறவாணம் ஒரு முழம் குறைவு. சுவர் அன்றிலிருந்தே கூடுதலாக நனைகிறது. ஏழு மேட்டில் மூன்றைச் சீமெந்து பூசும்போது "வழிக்கு இடைஞ்சல்" என்று செதுக்கி எறிந்துவிட்டார்கள். சுவரைவிட எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

"தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்லுவமா?" என்று கேட்டேன். வண்ணக்கர் முகம் சுருங்கிவிட்டது. "சொன்னா காணி போயிரும் தம்பி."

அந்தப் பயம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 2020இல் கிழக்கின் தொல்பொருளுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. இதை மறைத்துவிட்டுச் சட்டம் பேசினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். என்றாலும் சட்டத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்தியது எதுவும் புராதனச் சின்னம். பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த கட்டடத்தில் அனுமதி இல்லாமல் பழுதுபார்க்கவோ, மாற்றவோ, கூட்டிக் கட்டவோ கூடாது. நல்ல எண்ணத்தோடு சீமெந்து பூசினாலும் அது குற்றம்தான். ஆகவே உங்கள் ஊர் மடத்தில் கை வைக்க முன்னம் அது பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். காணி உறுதியையும் கோவில் பழைய கணக்குக் கொப்பிகளையும் பிரதி எடுத்து வையுங்கள். மூலைமுடுக்கெல்லாம் போட்டோ எடுங்கள். யார் வந்து கேட்டாலும் காட்டப் பேப்பர் கையில் இருக்கட்டும்.

எங்கள் மடம் பட்டியலில் இல்லை. விசாரித்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினோம். சீமெந்தை இயந்திரம் வைத்து இடிக்காமல் சின்ன உளியால் மெல்ல எடுத்தோம். எடுத்துவிட்டுச் சுவரை அப்படியே காயவிட்டோம். வண்ணக்கர் நாளுக்கு இரண்டு தரம் வந்து பார்ப்பார். "மறுகா எப்ப பூசுற?" என்பார். சுண்ணாம்பு அவசரத்துக்கு வராது. நீற்றித் தண்ணீருக்குள் ஊறப்போட்டால் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும், கிடக்கக் கிடக்க வெண்ணெய் மாதிரிக் குழையும். பூசிய பிறகும் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லத்தான் இறுகும். அதுவரை நனைசாக்குத் தொங்கவிட்டு வெயில் படாமல் பார்க்க வேண்டும்.

ஆடிக்கு முடியவில்லை. யாத்திரைக்காரர் வந்தபோது சுவர் பூச்சில்லாமல் செங்கல் தெரிய நின்றது. கிணற்றடிக் குழியில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது. வந்தவர்களில் வயதான ஒரு அம்மா, மிஞ்சியிருந்த நாலு மேட்டில் ஒன்றைக் கையால் தடவிப் பார்த்து, துண்டை மடித்து அதன்மேல் போட்டுப் படுத்துவிட்டார். வண்ணக்கர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு என்னிடம் வந்தார். "தம்பி, உடைச்ச மூண்டையும் திருப்பிக் கட்ட ஏலுமா?"