சர்வருக்குள் இப்போது யார் இருக்கிறார்கள்?

லினக்ஸ் சர்வரில் இந்த நிமிடம் யாரெல்லாம் வெளியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் லாகின் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க, கை தானாகப் போவது ‘ஹூ’ கட்டளைக்கு, இல்லையென்றால் ‘டபிள்யூ’ என்ற ஒற்றை எழுத்துக் கட்டளைக்கு. யூசர் பெயர், டெர்மினல் (கட்டளை தட்டும் திரை), ஐபி முகவரி, வந்த நேரம் எல்லாம் வரிசையாக வந்து விழும். சரி, பட்டியல் காலியாக இருக்கிறது, யாரும் இல்லை என்று ரீபூட் செய்துவிடலாமா? வேண்டாம்.

ஏனென்றால் இந்த இரண்டும் நெட்வொர்க் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வழக்கமாக யூடிஎம்பி என்ற ஒரு கோப்பைப் படித்து ஒப்பிக்கின்றன, அவ்வளவுதான். அது ஒரு வருகைப் பதிவேடு மாதிரி: டெர்மினலோடு ஒருவர் உள்ளே வந்தால் ஒரு வரி ஏறும், போனால் அந்த வரி காலியாகும். டெர்மினலே கேட்காமல் வருபவருக்கு அதில் வரியே கிடையாது. எஸ்எஃப்டிபியில் (எஸ்எஸ்ஹெச் வழியாகக் கோப்பு அனுப்பும் முறை) கோப்பு ஏற்றிக்கொண்டிருப்பவர், போர்ட் ஃபார்வர்டிங்குக்காக (வேறொரு சேவையின் டிராஃபிக்கை இந்த இணைப்பு வழியே கடத்துவது) மட்டும் இணைப்பைத் திறந்து வைத்திருப்பவர், இவர்களெல்லாம் உள்ளேதான் இருப்பார்கள், ‘ஹூ’வுக்குத் தெரியாது.

‘டபிள்யூ’ காட்டும் ஐடில் நேரமும் (சும்மா இருக்கும் நேரம்) இப்படித்தான் ஏமாற்றும். அந்த டெர்மினலில் கடைசியாக எப்போது ஏதாவது தட்டப்பட்டது என்பதை வைத்துப் போடும் கணக்கு அது. 3 மணி நேரம் சும்மா இருப்பதாகக் காட்டும் ஆள், பெரிய பேக்கப் ஒன்றை ஓடவிட்டுக் காத்திருக்கலாம்.

நிஜ நிலவரம் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் இருக்கிறது. ‘எஸ்எஸ்’ கட்டளை நேராக அதனிடமே கேட்கும். சர்வர் பக்கத்து போர்ட் எஸ்எஸ்ஹெச்சின் வழக்கமான 22 ஆக இருந்து, நிலை எஸ்டாப்ளிஷ்ட் (இணைப்பு உருவாகிவிட்டது) என்று இருப்பவைதான் நமக்கு வேண்டிய இணைப்புகள் (போர்ட்டை மாற்றி வைத்திருந்தால் அந்த எண்). ஆனால் இதில் இன்னும் பாஸ்வேர்ட் கேட்கும் கட்டத்திலேயே நிற்பவர்களும் சேர்ந்து வருவார்கள், அதனால் ஓடும் பிராசஸ்களைக் காட்டும் ‘பிஎஸ்’ கட்டளையில் எஸ்எஸ்ஹெச்டி (எஸ்எஸ்ஹெச் இணைப்புகளைக் கவனிக்கும் சர்வர் புரோகிராம்) பிராசஸ்களையும் பார்த்துவிடுங்கள். யூசர் பெயருக்குப் பக்கத்தில் பிடிஎஸ் என்று இருந்தால் டெர்மினல் உள்ளவர், நோட்டிடிஒய் என்று இருந்தால் நாம் தேடிக்கொண்டிருந்த அந்த மறைந்திருப்பவர்.

அப்புறம் பேய் இணைப்புகள். அந்தப் பக்கம் நெட் திடீரென்று அறுந்துபோனால், இணைப்பை நடத்தும் டிசிபிக்கு உடனே தெரியாது. பேச எதுவும் இல்லாதபோது அதுவும் பேசாமல்தான் இருக்கும். ஆள் இருக்கிறாரா என்று லினக்ஸ் முதல்முறை தட்டிப் பார்ப்பதே வழக்கமான அமைப்பில் 7200 விநாடி, அதாவது 2 மணி நேரம் கழித்து. அதுவரை பட்டியலில் அவர் உயிரோடு இருப்பார். எஸ்எஸ்ஹெச்டி அமைப்பில் கிளையண்ட் அலைவ் இன்டர்வலை (எத்தனை விநாடிக்கு ஒருமுறை ஆள் இருக்கிறாரா என்று கேட்பது) 60 என்று வைத்தால், பதில் வராத இணைப்பு சுமார் 3 நிமிடத்தில் விழுந்துவிடும்.

ஒருவரை வெளியேற்ற அவருடைய பிராசஸை மட்டும் கில் செய்தால் போதும். தவறிப்போய் புது இணைப்புகளை வாங்கிக்கொள்ளும் தாய் எஸ்எஸ்ஹெச்டியைக் கொன்றால், உள்ளே இருப்பவர்கள் அப்படியே இருப்பார்கள். வெளியே போய்விட்டால் நீங்கள்தான் திரும்ப வர முடியாது.