வகுப்பில் செல்போன் தடை: பார்வை குறைந்த பிள்ளைக்குமா?

கரும்பலகையைப் போனில் படம் எடுத்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்துத்தான் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் கணக்கு எழுதுவான். முதல் பெஞ்சில் உட்கார்ந்தாலும் அவனுக்கு எழுத்து கலங்கித்தான் தெரியும். ஒரு நாள் போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துவிட்டார்கள். ‘ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்மா’ என்று அவன் அம்மாவுக்குப் பதில் வந்தது. அவரோடு அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சட்டம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதன் 16-வது பிரிவு, பிள்ளையின் தேவைக்கேற்ப வசதி (ஆங்கிலத்தில் ‘ரீசனபிள் அக்காமடேஷன்’) செய்து தரச் சொல்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் இதில் அடக்கம்.

பலர் சறுக்குவது கடிதத்தில். ‘செல்போன் கொண்டுவர அனுமதி வேண்டும்’ என்று எழுதினால், ‘அனுமதி இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். போன் என்று தொடங்காதீர்கள். ‘பார்வைக் குறைபாட்டுக்கான உதவிக் கருவி, 16-வது பிரிவின்படி ரீசனபிள் அக்காமடேஷன் கோருகிறேன்’ என்றே எழுதுங்கள். கண் மருத்துவர் எழுதித் தந்ததை இணையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன ‘இல்லை’யை வைத்து மேலே எங்கேயும் போக முடியாது.

அடுத்தது, ‘குறைபாடு 40 சதவீதம் இருக்கா?’ என்ற கேள்வி. எங்களையும் இதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள். அரசு இலவசமாகக் கருவி தருவதற்குத்தான் 40 சதவீதம் வேண்டும். அது 17-வது பிரிவு, 18 வயது வரை. சொந்தப் போனை வகுப்பில் பயன்படுத்த விடுங்கள் என்று கேட்பதற்கு அந்த அளவுகோல் கிடையாது. விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தேர்வில் எழுத்தர் (மாணவர் சொல்லச் சொல்ல விடை எழுதுபவர்) கேட்கக்கூட 40 சதவீதம் கட்டாயமில்லை என்றது. அந்தத் தீர்ப்பின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) இருந்தால் நல்லது, ஆனால் அது வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆதாரில் ஒரு இனிஷியல் மாறியிருந்தாலே இழுத்தடிப்பார்கள்.

போனை முழுக்கத் தடுக்கக் கூடாது என்று 2025-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதைச் சிலர் நீட்டுகிறார்கள். தமிழ்நாட்டுப் பள்ளியை அது கட்டுப்படுத்தாது. வகுப்பில் பயன்படுத்தக் கூடாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது, நமக்கே திரும்பும்.

‘இன்ஸ்டா பார்ப்பானே’ என்பார்கள். நியாயமான பயம்தான். டேட்டாவை அணைத்தாலும் கேமரா, உருப்பெருக்கி, திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் எல்லாம் வேலை செய்யும். ஒரே செயலியில் திரையைப் பூட்டும் ‘ஸ்கிரீன் பின்னிங்’ வசதியைத் தலைமையாசிரியர் முன்னாலேயே செய்து காட்டுங்கள். எங்கள் விஷயத்தில் பாதிச் சண்டை அங்கேயே முடிந்தது.

பொதுத்தேர்வுக்கு இந்த அனுமதி செல்லாது. கூடுதல் நேரம், எழுத்தர் எல்லாம் தனி விண்ணப்பம், அதுவும் முன்கூட்டியே.

பள்ளி அசையவில்லை என்றால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள். அவர் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகச் சொல்வார், அங்கே ‘இது பள்ளிக் கல்வித்துறை சமாச்சாரம்’ என்பார்கள். இந்தப் பந்தாட்டம் இரண்டாவது முறை தொடங்கியதும் நிறுத்திவிட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு நேராகப் புகார் அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அவர் பரிந்துரைத்தால், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று சம்பந்தப்பட்ட அதிகாரி மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்குள் காலாண்டுத் தேர்வே முடிந்துவிடும். முதல் கடிதத்தை ஜூனில், பள்ளி திறந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.