திகில்: ஹாரருக்குச் சரியான தமிழ்ச்சொல்லா?

எங்கள் அப்பத்தாவுக்கு மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். கரண்ட் போன ராத்திரியில் அது சொன்ன கதைகள் எதிலும் ‘பேய்’ என்ற சொல் வந்ததாக எனக்கு நினைவில்லை. “கம்மாக்கரைப் புளியமரத்துக்கிட்ட என்னமோ நிண்டுச்சுய்யா.” அவ்வளவுதான். எங்களுக்கு ஒன்றுக்குப் போகக்கூடத் துணை வேண்டும்.

ஹாரர் கதையைத் திகில் கதை என்கிறோம். ஆனால் இரண்டு சொல்லும் ஒன்றல்ல. ஹாரர், ‘மயிர் குத்திட்டு நிற்பது’ என்னும் லத்தீன் வினையில் பிறந்தது, நம் மயிர்க்கூச்செறிதல். திகில் நம் குடும்பத்துச் சொல். கன்னடத்தில் திகிலு, தெலுங்கில் திகுலு. தெலுங்கில் அதற்குக் கவலை என்றும் பொருள் உண்டு. வரப்போவதை எண்ணி நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும் பயம் அது.

ஆன் ராட்கிளிஃப் என்ற ஆங்கில நாவலாசிரியர், அவர் இறந்தபின் 1826-இல் வெளிவந்த கட்டுரையில், டெரர் வேறு ஹாரர் வேறு என்று பிரித்தார். டெரர் மனத்தை விரிக்கும், ஹாரர் உறையவைக்கும். டெரருக்குத் தெளிவின்மை வேண்டும். அப்படிப் பார்த்தால் டெரர்தான் திகில். கண்ணால் கண்டபின் வரும் ஹாரருக்கு, “ஈரக்குலை நடுங்கிருச்சு” என்று மதுரைப் பக்கம் சொல்வதிலிருந்து குலைநடுக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். கதைக்குத் திகில் கதை என்ற பெயரே இருக்கட்டும். நல்ல கதை பாதிக்குமேல் காண்பதற்கு முன்னால்தானே நடக்கிறது?

அந்தத் தெளிவின்மைக்குத் தமிழ் இலக்கணமே வசதி செய்து வைத்திருக்கிறது. வினைமுற்று கடைசியில் வரும். அதுவரை கேட்பவன் காத்திருக்க வேண்டும். ‘நின்றான்’ என்று முடிந்தால் திருடனாக இருக்கலாம், கம்பை எடுக்கலாம். ‘நின்றது’ என்றால்? மாடாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். (அப்பத்தாவையும் ‘சொல்லுச்சு’ என்றுதான் சொல்வோம்; அது பாசம், வேறு கணக்கு.)

உயர்திணையா அஃறிணையா என்று ஐயம் வந்தால் ‘உருபு’, அதாவது வடிவம், என்ற பொதுச்சொல்லால் சொல்லலாம் என்கிறது தொல்காப்பியம். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ‘குற்றிகொல்லோ மகன்கொல்லோ’: கட்டையோ, ஆளோ? இருட்டில் நின்று எழுதிய உரை மாதிரி இருக்கிறது! இன்றைக்கும் “ஒரு உருவம் தெரிஞ்சுச்சு” என்றுதான் ஆரம்பிக்கிறோம்.

பெரியவனானபின் அப்பத்தாவிடம் கேட்டேன், அது மொட்டை மரமாக இருந்திருக்குமோ என்று.

“யாரு கண்டா” என்றது.